தட்டில் ஒன்றும் வளரவில்லை என்றால் கிருமி இல்லை என்று பொருளா?

செர்காம் - உம்பாய், செர்காம், மெர்லிமாவ் வட்டாரத்தில் ஒருவருக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. ஜாசின் மருத்துவமனைக்கோ மலாக்கா மருத்துவமனைக்கோ போகிறார். இரத்தம் எடுக்கிறார்கள், சிறுநீர் கேட்கிறார்கள், சளியைத் துப்பித் தரச் சொல்கிறார்கள். சில நாள் கழித்து மருத்துவர் கோப்பைப் பார்த்து, "கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை" என்கிறார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் அந்தச் சொற்களுக்கு ஒரு பொருள் மட்டும் இல்லை. உடம்பில் கிருமி இல்லாததால் தட்டில் வளராமல் இருந்திருக்கலாம். கிருமி இருந்தும், அது வளர்வதற்கு வைத்த தட்டு சரியில்லாததால் வளராமல் போயிருக்கலாம். அறிக்கைத் தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தோட்டத்து நர்சரியில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. பையில் போட்ட விதை முளைக்கவில்லை என்றால், விதை சொத்தையா, மண் சரியில்லையா என்று கேட்பார்கள். மண்ணைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நல்ல விதை என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை அதே மண்ணில் போட்டுப் பார்ப்பது. அது முளைத்தால் மண் நல்லது. ஆய்வுக்கூடங்களும் இதைத்தான் செய்கின்றன. நோயாளியின் சளியோ இரத்தமோ ஒரு தட்டில் படுவதற்கு முன்னால், அந்தத் தட்டே ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். இதற்குப் பெயர்தான் வளர்ப்பு ஊடகங்களின் தரக்கட்டுப்பாடு. நோயாளியும் அவர் குடும்பமும் ஒருபோதும் கண்ணால் பார்க்காத வேலை இது.

அகார்-அகாரில் வளரும் கிருமி

கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிடித்த உணவைக் கொடுத்து, மனித உடம்பின் சூட்டில், அதாவது 35 அல்லது 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தால், ஒரு கிருமி பல கோடியாகப் பெருகி, தட்டில் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியின் நிறம், வடிவம், மணம் எல்லாவற்றையும் கொண்டு அது எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த உணவைக் கெட்டியாக்குவது தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் வீடுகளில் செய்யும் அதே அகார்-அகார்தான். உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் இந்தப் பெயர் மலாய்மொழியிலிருந்து போனது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார்கள். வெயில் காலத்தில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, 1881-ல் ஒரு யோசனை சொன்னார். தான் வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகாரைப் போட்டுப் பார்க்கலாமே என்றார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அவருக்கு அது தெரிய வந்திருந்தது. அகார் ஏறக்குறைய கொதிக்கும் சூட்டில்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும், பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்க முடியாது. ஒரு சமையலறைக் குறிப்பு நுண்ணுயிரியலின் அடித்தளமான கதை இது. அந்த அம்மையார் பெயரில் அந்த ஊடகம் வழங்கவில்லை என்பது வேறு விஷயம். 1887-ல் வந்த மூடி போட்ட வட்டத் தட்டுக்கு ஜூலியஸ் பெட்ரியின் பெயர் நிலைத்துவிட்டது.

அகார் வெறும் கெட்டிப்பொருள்தான். கிருமிக்கு உணவு வேறு. இறைச்சிச் சாறு, பெப்டோன் என்ற செரித்த புரதம், உப்பு, சில தட்டுகளில் 5 விழுக்காடு ஆட்டு இரத்தம், சிலவற்றில் பித்த உப்பும் சாயமும். கிருமிக்குக் கிருமி சுவை மாறும். மற்ற கிருமிகளை அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் வளரவிடும் தட்டுகளும் உண்டு. சளி, சீழ், மலம் போன்றவற்றில் ஏற்கெனவே பல கிருமிகள் குடியிருப்பதால், அந்தக் கூட்டத்தில் தேடும் ஒன்றைப் பிடிக்க இப்படிப்பட்ட தட்டு தேவை.

தோட்ட மக்களைத் தொட்ட ஒரு கிருமி

இந்தத் தட்டு விஷயம் நம்மவர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு மெலியோய்டோசிஸ் என்ற நோயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

1911-ல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இறந்தவர்களின் உடல்களை அறுத்துச் சோதித்தபோது, நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். குதிரைகளிடமிருந்து மனிதனுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோய் போல இருந்தது. ஆனால் அந்த மனிதர்கள் குதிரை மேய்த்தவர்கள் அல்லர். கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. கிளாண்டர்ஸ் கிருமியைவிட இது பெப்டோன் அகாரில் வேகமாக வளர்ந்தது, நகரவும் செய்தது. புதிய நோய் ஒன்று தட்டின் மேல் அடையாளம் காணப்பட்டது. 1912-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. நோய்க்கு மட்டும் விட்மோர் நோய் என்ற பெயர் நின்றது. கிருஷ்ணசாமியின் பெயர் பல இடங்களில் விட்டுப்போகிறது.

அடுத்த கட்டம் நம் நாட்டில் நடந்தது. 1900-ல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் (ஐ.எம்.ஆர்.), 1913-ல் ஆய்வுக்கூட விலங்குகளிடையே ஒரு நோய் பரவியது. வளர்த்துப் பார்த்தால் ரங்கூன் கிருமி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1917-ல், அதே கிருமி ஒரு மனிதரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி. 1921-ல் ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்ற ஐ.எம்.ஆர். மருத்துவர்கள் இருவரும் இந்நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1932-ல் அதைப் பற்றித் தனி நூலும் வெளியிட்டார்கள். உலகம் இன்று வழங்கும் பெயர் கோலாலம்பூரில் வைத்த பெயர்.

இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள புண் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, நீர் வழியாகவோ உடம்புக்குள் போகும். நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பது சுகாதார அமைச்சின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டும் உண்மை. நீரிழிவும் மண் வேலையும் ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் மலாக்காத் தோட்டப்புறங்களில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இது யாருடைய நோய் என்று விளங்கும். 2010-ல் பகாங்கில் லுபோக் யூ என்ற இடத்தில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களிடையே மெலியோய்டோசிஸும் எலிச் சிறுநீர் நோயும் (கென்சிங் தீக்குஸ்) சேர்ந்து பரவி 8 பேர் இறந்தார்கள்.

மருந்து இருக்கிறது. ஆனால் அது வழக்கமான மருந்து அல்ல. பென்சிலின், ஆம்பிசிலின் போன்றவை இந்தக் கிருமியிடம் பலிக்காது. செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்தைக் குறைந்தது இரண்டு வாரமாவது ஏற்றி, பிறகு மூன்று மாதம் மாத்திரை கொடுக்க வேண்டும். இத்தனை நீண்ட சிகிச்சையை மருத்துவர் துணிந்து தொடங்குவது, கிருமி தட்டில் வளர்ந்தது என்ற செய்தி வந்த பிறகுதான் பெரும்பாலும். தட்டு பொய் சொன்னால் அந்த நாட்கள் வீணாகும். காசநோய் என்று நினைத்துக் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டவர்களும் உண்டு.

இந்தக் கிருமிக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஆஷ்டவுன் என்பவர் 1979-ல் உருவாக்கிய ஆஷ்டவுன் அகார். அதில் கிளிசரால், ஊதாச் சாயம், ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஆகியவை கலந்திருக்கும். ஜென்டாமைசின் மற்ற கிருமிகளை அடக்கும். மெலியோய்டோசிஸ் கிருமி அதற்கு அசையாது. இரண்டு மூன்று நாளில் சுருக்கம் விழுந்த ஊதாப் புள்ளிகளாக அது மேலெழும். காய்ந்த பூவிதழ் போல இருக்கும் அந்தத் தோற்றத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

தட்டு எழுதும் தேர்வு

ஆய்வுக்கூடத்தில் ஊடகம் தயாரிப்பது பெரும்பாலும் சமையல்தான். பொடியை நிறுத்து, வடித்த நீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்கிறார்கள். சுமார் 50 டிகிரிக்கு ஆறியதும் இரத்தம் போன்றவற்றைக் கலந்து தட்டுகளில் ஊற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள குளோரினும் தாதுக்களும் கிருமியைத் தடுக்கும். சூடு கூடிப்போனால் சர்க்கரை கருகி அமிலத்தன்மை ஏறும், அகார் சரியாக உறையாது. சூடு குறைந்தால் ஊடகத்திலேயே வேறு கிருமி உயிரோடு இருக்கும். இரத்தத்தை அதிகச் சூட்டில் ஊற்றினால் அணுக்கள் வெடித்துவிடும். அதிக ஆறவிட்டால் அகார் கட்டிகட்டியாகும். நல்ல ரசம் வைப்பதைவிடக் கண்டிப்பான வேலை.

ஊற்றிய தட்டுகள் உடனே பயன்பாட்டுக்குப் போவதில்லை. முதலில் கண் பரிசோதனை: நிறம், தெளிவு, விரிசல், குமிழி, ஈரம். பிறகு பி.எச். அளவு. மருந்துச் சோதனைக்குப் பயன்படும் முல்லர்-ஹிண்டன் அகாரில் அது 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் இருக்க வேண்டும். அடுத்து, ஒன்றும் தடவாத சில வெறும் தட்டுகளை இன்குபேட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். அவற்றில் ஏதாவது வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்குப் போகும்.

அதன் பிறகுதான் உண்மையான தேர்வு. பண்பு முழுவதும் தெரிந்த, உலகெங்கும் ஒரே எண்ணில் வழங்கும் கிருமிகள் உண்டு. ஏ.டி.சி.சி. 25922 என்ற எண் கொண்ட ஈ.கோலை, 27853 என்ற சூடோமோனாஸ் போன்றவை. இவற்றை விலைக்கு வாங்கி உறைநிலையில் சேமித்து வைத்திருப்பார்கள். மெக்கோங்கி தட்டில் ஈ.கோலை ரோஜா நிறத்தில் வளர வேண்டும், டைபாய்டு இனத்துக் கிருமி நிறமில்லாமல் வளர வேண்டும், ஸ்டாஃபிலோகாக்கஸ் அடங்கிப்போக வேண்டும். வளர வேண்டியது வளர்வது மட்டும் போதாது. வளரக் கூடாதது வளராமலும் இருக்க வேண்டும். ஆஷ்டவுன் தட்டிலும் இதே கதைதான். ஜென்டாமைசின் போட மறந்த தட்டில் மெலியோய்டோசிஸ் கிருமி நன்றாகவே வளரும், கூடவே ஊரிலுள்ள அத்தனை கிருமிகளும் வளர்ந்து அதை மூடிவிடும். வளர்ச்சியை மட்டும் பார்த்தவர் அந்தத் தட்டுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துவிடுவார்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. பரீட்சைக் கிருமியை அள்ளிப் பூசக் கூடாது. கோடிக்கணக்கான கிருமிகளைக் கொட்டினால் மட்டமான தட்டிலும் ஏதோ வளரும். நோயாளியின் இரத்தத்தில் இருப்பதோ ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு கிருமிகளாகவும் இருக்கலாம். அதனால் நீர்த்து நீர்த்து, ஏறத்தாழ 100 கிருமிகளை மட்டும் வைத்துச் சோதிப்பார்கள். உணவு, நீர் ஆய்வுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 11133 தரநிலையில் இதற்கு எண்கணக்கே இருக்கிறது. நல்லதென்று தெரிந்த தட்டில் 100 புள்ளி வந்தால், புதிய தொகுதித் தட்டில் குறைந்தது 70 வர வேண்டும். மற்ற கிருமிகளை அடக்கும் தட்டாக இருந்தால் 50 வந்தால் போதும், ஏனென்றால் அந்த மருந்தும் சாயமும் நாம் தேடும் கிருமியையும் கொஞ்சம் நெருக்கத்தான் செய்யும்.

எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனையில் தட்டின் தடிமன்கூட உயிர் விஷயம். மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளைத் தட்டில் வைத்தால், மருந்து அகாரில் பரவி, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் உண்டாகும். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து கேட்கும் என்று பொருள். தட்டு 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். வழக்கமான 90 மில்லிமீட்டர் தட்டுக்கு இது சுமார் 25 மில்லிலிட்டர் ஊடகம். சிக்கனம் பார்த்து மெல்லியதாக ஊற்றினால் வட்டம் பெருத்துக் காட்டும். கேட்காத மருந்தைக் கேட்கும் என்று அறிக்கை சொல்லும். நோயாளிக்கு அந்த மருந்தே ஏற்றப்படும். இதைத் தடுக்கத்தான் அந்த 25922 ஈ.கோலையை வைத்துச் சோதிக்கிறார்கள். ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி அதற்கு 19 முதல் 26 மில்லிமீட்டர் வட்டம் வர வேண்டும். 28 வந்தால் பரிசோதகர் நோயாளியின் முடிவை வெளியிடாமல், தட்டில் என்ன பிழை என்று தேடத் தொடங்க வேண்டும்.

இன்று பல ஆய்வுக்கூடங்கள் தயாரான தட்டுகளை நிறுவனங்களிடம் வாங்குகின்றன. தயாரிப்பாளரே சோதித்துச் சான்றிதழ் அனுப்புவார். சில எளிய தட்டுகளுக்கு அந்தச் சான்றிதழே போதும் என்ற நடைமுறையும் உண்டு. ஆனால் நம் வெயிலில் லாரியில் வந்து, ஏற்றி இறக்கி, குளிரூட்டிக்குப் போகுமுன் வெளியில் கிடந்த தட்டின் கதை அந்தச் சான்றிதழில் இருக்காது. மூடியில் நீர் கோத்திருப்பதையும் ஓரம் சுருங்கியிருப்பதையும் பார்ப்பது உள்ளூர்க் கண்தான். ஐ.எஸ்.ஓ. 15189 தரச்சான்று வாங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களிடம், ஒவ்வொரு தொகுதியும் எந்தத் தேதியில் வந்தது, யார் சோதித்தார், என்ன முடிவு என்ற பதிவேட்டைத் தணிக்கையாளர் கேட்பார்.

கடலுணவுக்கும் ஒரு தட்டு

செர்காம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஈக்கான் பாக்கார்தான் நினைவுக்கு வரும். மீன், இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றில் விப்ரியோ இனக் கிருமிகள் இருக்கக்கூடும். காலராக் கிருமியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அவற்றைத் தேட டி.சி.பி.எஸ். என்ற பச்சைநிறத் தட்டு பயன்படுகிறது. காலராக் கிருமி அதில் மஞ்சளாக வளரும். கடலுணவால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாராஹீமோலிட்டிக்கஸ் பச்சையாக வளரும். இந்த ஊடகத்தை ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது. கொதிக்க வைத்து ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் 121 டிகிரியில் வைத்துப் பழகிய கை இதையும் அங்கே வைத்தால் தட்டு கெட்டது. நிறுவனத்துக்கு நிறுவனம், தொகுதிக்குத் தொகுதி டி.சி.பி.எஸ். வேறுபடுவதும் நெடுநாளாக அறிந்த சிக்கல். எனவே ஒவ்வொரு புதிய டப்பாவையும் திறந்தவுடன் சோதித்தாக வேண்டும். நன்றாகச் சுட்ட மீனில் விப்ரியோ பிழைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும், கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பரீட்சைக் கிருமியே மாறிப்போனால்?

தட்டைச் சோதிக்கும் கிருமி நம்பகமானது என்பதுதான் இத்தனைக்கும் அடிப்படை. அது மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலாயா ஒரு விந்தையான பாடம் வைத்திருக்கிறது.

1920-களில் டைஃபஸ் காய்ச்சலைக் கண்டறிய, நோயாளியின் இரத்தநீரை எக்ஸ்-19 என்ற புரோட்டியஸ் கிருமியோடு கலந்து பார்ப்பார்கள். கிருமி திரண்டால் டைஃபஸ். கோலாலம்பூர் ஐ.எம்.ஆரில் இந்த எக்ஸ்-19 இரண்டு வழியாக வந்து சேர்ந்திருந்தது. ஒன்று வார்சா வழி வந்தது. மற்றொன்று கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர். ஆனால் ஃபிளெட்சரும் லெஸ்லரும் சோதித்தபோது, நகரத்துக் கடைவீதிகளில் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தநீர் வார்சா கிருமியைத்தான் திரட்டியது. காட்டோரத்திலும் தோட்டங்களிலும் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தநீர் கிங்ஸ்பரி கொண்டுவந்ததை மட்டுமே திரட்டியது. கிங்ஸ்பரியின் கிருமி எக்ஸ்-19 என்ற பெயரோடு வந்த வேறொரு வகை. அதற்குப் பின்னர் அவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து எக்ஸ்-கே என்று பெயரிட்டார்கள்.

அந்த அடையாளக் குழப்பத்தால் ஒரு நன்மை விளைந்தது. எலித் தெள்ளுப்பூச்சியால் வரும் நகரத்து டைஃபஸும், புல்புதரில் வாழும் உண்ணிக் குஞ்சுகளால் வரும் புதர் டைஃபஸும் வெவ்வேறு நோய்கள் என்பது தெளிவானது. புதர் டைஃபஸ் அப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களை வாட்டிய நோய். வார்சா கிருமி ஒன்று மட்டும் கையில் இருந்திருந்தால் அவர்களின் சோதனை முடிவெல்லாம் 'டைஃபஸ் இல்லை' என்றே வந்திருக்கும். குழப்பம் நல்லதில் முடிந்தது தற்செயல். அதை நம்பி எந்த ஆய்வுக்கூடமும் நடக்க முடியாது. இன்று பரீட்சைக் கிருமியை இத்தனை முறைக்கு மேல் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்க்கக் கூடாது என்று விதி இருப்பது இதனால்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் கிருமி தன் குணத்தைக் கொஞ்சம் இழக்கலாம். ஐந்து முறைக்கு மேல் மாற்றாமல், உறைநிலைச் சேமிப்பிலிருந்து புதிதாக எடுத்துத் தொடங்குவது வழக்கம்.

மெட்ராஸில் முட்டை

காசநோய்க் கிருமி வளர்வதற்கு மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். அதற்கான லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகம் அகாரால் செய்யப்படுவதில்லை. கோழிமுட்டையை அடித்து, பச்சைச் சாயமும் உப்புகளும் கலந்து, குப்பிகளில் சாய்த்து வைத்து 85 டிகிரியில் இறுக வைப்பது. முட்டை புதிதாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கோழிக்குத் தீவனத்தில் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்திருந்தால் மருந்து முட்டைக்குள் இறங்கி, காசநோய்க் கிருமியைக் குப்பியிலேயே அடக்கிவிடும். நோயாளி குணமாகிவிட்டார் என்று அறிக்கை சொல்லும்.

மெட்ராஸில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், காசநோயாளியை மருத்துவ விடுதியில் படுக்க வைத்துச் சிகிச்சை தருவதும் வீட்டிலேயே வைத்து மருந்து தருவதும் ஒரே பலனைத் தருமா என்று சோதித்தது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள்தான் நோயாளிகள். 1959-ல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்றது. உலக நாடுகள் காசநோய் விடுதிகளை மூடியதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மாதந்தோறும் சளியை எடுத்து ஊடகத்தில் வளர்த்துப் பார்த்து, கிருமி நின்றதா என்று கணக்கிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். அந்தக் குப்பிகள் நம்பத் தகாதவையாக இருந்திருந்தால் அந்த முடிவுக்கு மதிப்பே இருந்திருக்காது.

சரவாக் தந்த அதிர்ச்சி

தேர்வில் தேறிய தட்டும் சில வேளை ஏமாற்றும். ஆஷ்டவுன் தட்டு மெலியோய்டோசிஸ் கிருமி ஜென்டாமைசினுக்கு அசையாது என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது என்று மேலே கண்டோம். தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா, தீபகற்ப மலேசியா ஆகிய இடங்களில் அது பெரும்பாலும் சரி. ஆனால் 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சரவாக்கில் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் பத்தில் எட்டுக்கு மேல் ஜென்டாமைசினுக்கு மடங்கிப்போவதாகக் காட்டியது. அந்தக் கிருமியை ஆஷ்டவுன் தட்டில் தேடினால் கிடைக்காது. தட்டில் பிழையில்லை, தரக்கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் எல்லாம் சரி என்றுதான் இருக்கும். பரீட்சைக் கிருமி வேறு ஊர்க்காரனாக இருந்ததுதான் கோளாறு. அதனால் ஜென்டாமைசின் இல்லாத வேறு தட்டையும் சேர்த்து வைக்க வேண்டியது அங்கே கட்டாயமாகிறது. நம் ஊர்க் கிருமியை நம் ஊர் ஆய்வுக்கூடமே அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நல்ல தட்டும் கண்டுபிடிக்காத நோயாளிகள் உண்டு. மெலியோய்டோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேரைத்தான் ஒரு முறை செய்யும் கல்ச்சர் சோதனை பிடிக்கிறது என்று தாய்லாந்தில் செய்த ஆய்வு கணக்கிட்டது. அதனால்தான் சந்தேகம் தீராத மருத்துவர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை இரத்தம் கேட்கிறார். "ஒருமுறை எடுத்தாச்சே, மறுபடி எதற்கு?" என்று கேட்டு மறுக்கும் பெரியவர்களிடம் பிள்ளைகள் இதை எடுத்துச் சொல்லலாம்.

தட்டின் தரம் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. அதில் விழும் மாதிரியின் தரம் பாதி நோயாளியின் கையில் இருக்கிறது. வீட்டில் மிச்சமிருந்த கிருமிக்கொல்லி மாத்திரையை இரண்டு நாள் விழுங்கிவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தால், எந்தத் தட்டிலும் ஒன்றும் வளராமல் போகலாம். விழுங்கியிருந்தால் என்ன மாத்திரை என்று சொல்லிவிட வேண்டும். சளி கேட்டால் எச்சில் அல்ல, காலையில் ஆழமாக இருமி எடுத்த சளி. சிறுநீரை வீட்டில் பிடித்துக் காரில் வெயிலில் வைத்துவிட்டு மதியம் கொண்டுபோனால், வழியிலேயே கிருமி பெருகி முடிவு மாறிவிடும். உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று வேலையும் நோயும். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. மாதிரியோடு வரும் படிவத்தைத்தான் பார்க்கிறார். எந்தத் தட்டை எடுப்பது, எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது என்பதை அதில் எழுதியிருப்பதைக் கொண்டு முடிவு செய்கிறார். 'காய்ச்சல்' என்று ஒரு சொல் மட்டும் இருந்தால் வழக்கமான தட்டுகள் இரண்டு நாளில் பார்த்து முடிக்கப்படும். 'நீரிழிவு, செம்பனைத் தோட்ட வேலை, காலில் புண், இரண்டு வாரக் காய்ச்சல்' என்று இருந்தால் ஆஷ்டவுன் தட்டும் வெளியே வரும், ஒரு வாரம் வரை இன்குபேட்டரில் இருக்கும்.